சொல்லைக் கேட்பவரும் சொல்லைக் கலைப்பவரும்

ஏ, ஈ, ஐ, என், ஆர், எஸ், டி. ஸ்கிராபிள் ஆட்டத்தில் இந்த ஏழு எழுத்துகளும் கைக்கு வந்துவிட்டால், தேர்ந்த ஆட்டக்காரர் தலையைச் சொறிந்துகொண்டு உட்கார்ந்திருக்க மாட்டார். ரிட்டெய்ன்ஸ், ரெட்டினாஸ், நாஸ்டியர், ஸ்டெய்னர், ஸ்டியரின் என்று சொற்கள் அவர் கண்முன் வரிசைகட்டி நிற்கும். பலகையில் எது பொருந்துகிறதோ அதை இறக்குவார். ஏழு கட்டைகளையும் ஒரே தடவையில் போட்டதற்காக 50 புள்ளிகள் கூடுதலாகக் கிடைக்கும். அவரைப் பொறுத்தவரை இந்த ஐந்தும் உடன்பிறப்புகள். எழுத்துகள் அவையேதான், வரிசை மட்டும் வேறு.

இதே ஐந்து சொற்களை ஸ்பெல்லிங் போட்டிக்குத் தயாராகும் ஒருவரிடம் கொடுத்துப் பாருங்கள். ஒன்றுக்கொன்று ஒட்டும் இல்லை, உறவும் இல்லை என்பார். விழித்திரையைக் குறிக்கும் ரெட்டினா, வலை என்ற பொருளுள்ள லத்தீன் சொல்லின் வழி வந்தது. ரிட்டெய்ன், கையில் பிடித்து வைத்துக்கொள்வதைச் சொல்லும் லத்தீன் வேரில் பிறந்தது. ஸ்டியரின் கிரேக்கம்; கொழுப்பு என்று பொருள். கல்லீரலில் கொழுப்பு படிந்திருக்கிறது என்று ஸ்கேன் அறிக்கையில் எழுதித் தருகிறார்களே ஸ்டியட்டோசிஸ், அதுதான் ஸ்டியரினுக்குச் சொந்தம். பக்கத்தில் நிற்கும் நாஸ்டியர் அல்ல.

அரிய ஆங்கிலச் சொற்களைப் போட்டிக்காகப் படிக்கும் பெரியவர்கள் இந்த இரண்டு முகாம்களில் ஒன்றில்தான் பெரும்பாலும் இருக்கிறார்கள். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் அகராதியை உருப்போடும் வேலை. உள்ளே போனால், ஒரே சொல்லை இருவரும் இரண்டு பொருள்களாகக் கையாள்வது தெரியும். நாற்பது, ஐம்பது வயதுக்குமேல் இதில் இறங்குகிறவருக்கு ஸ்பெல்லிங்காரரின் வழியே உகந்தது என்பது என் கட்சி. ஆனால் ஸ்கிராபிள்காரரிடமிருந்து கடன் வாங்காமல் அந்த வழியில் கடைசிவரை போக முடியாது.

ஸ்பெல்லிங் போட்டி என்றதும் கழுத்தில் எண் அட்டை மாட்டிய பள்ளிப் பிள்ளைகள்தான் நினைவுக்கு வருகிறார்கள். அமெரிக்காவில் அது பெரியவர்களின் பொழுதுபோக்காகவும் கொடிகட்டிப் பறந்தது. நோவா வெப்ஸ்டர் 1783இல் வெளியிட்ட எழுத்துக்கூட்டல் புத்தகத்தைப் படித்து வளர்ந்த தலைமுறைகள், 1875 வாக்கில் ஊருக்கு ஊர் மண்டபம் பிடித்து, நுழைவுக் கட்டணம் வாங்கி, நல்ல காரியத்துக்கு நிதி திரட்டப் போட்டி நடத்தின. ஹார்ட்ஃபோர்டில் நடந்த ஒரு போட்டியில் மார்க் ட்வெய்ன் பேசியிருக்கிறார். பிள்ளைகளுக்கான தேசியப் போட்டி 1925இல்தான் வந்தது. அதன் புகழில் பெரியவர்களின் மேடை மறைந்துபோனாலும் அழிந்துவிடவில்லை. வயோமிங் மாநிலத்தின் ஷயென் நகரில் 1996இல் ஐம்பது வயதைக் கடந்தவர்களுக்கென்றே ஒரு தேசியப் போட்டி தொடங்கியது. முதலில் எழுத்துத் தேர்வு, அதில் தேறினால் மேடை. ப்ரூக்லினில் பீட்ஸ் கேண்டி ஸ்டோர் என்ற மதுக்கூடத்திலும் பெரியவர்கள் ஒலிவாங்கி முன் நின்று எழுத்துக் கூட்டியிருக்கிறார்கள். நூலகத்துக்கும் எழுத்தறிவுப் பணிக்கும் நிதி திரட்ட அணி அணியாக ஆடும் வழக்கம் சிறு நகரங்களில் இன்றும் உண்டு.

ஸ்கிராபிளோ பெரியவர் ஒருவர் பெரியவர்களுக்காகவே செய்தது. 1930களின் பொருளாதாரச் சரிவில் வேலை இழந்த கட்டடக் கலைஞர் ஆல்ஃபிரட் பட்ஸ், செய்தித்தாளில் எந்த எழுத்து எத்தனை முறை வருகிறது என்று எண்ணிப் பார்த்து உருவாக்கிய ஆட்டம் அது. எழுத்துகளின் எண்ணிக்கையில் பிறந்ததால்தானோ என்னவோ, அது சொல்லின் பொருளை ஒருபோதும் கேட்பதில்லை.

இரண்டு பேரின் பாடத்திட்டமும் முற்றிலும் வேறு. ஸ்கிராபிளுக்குக் கரை உண்டு. அமெரிக்காவுக்கு வெளியே பெரும்பாலும் பயன்படும் காலின்ஸ் பட்டியலில் சுமார் 2,80,000 சொற்கள் இருக்கின்றன. அதிலும் ஆட்டத்தில் அடிக்கடி உதவுபவை எட்டெழுத்துக்குள் அடங்கும் சொற்கள். ஈரெழுத்துச் சொற்கள் மட்டும் 2019ஆம் ஆண்டுப் பதிப்பில் 127. ஒரு வாரம் உட்கார்ந்தால் யாரும் அவற்றை மனப்பாடம் செய்துவிடலாம். பட்டியலில் உள்ளது சொல், இல்லாதது சொல் அல்ல. ஸ்பெல்லிங்காரர் எதிர்கொள்வது 1961இல் வந்த வெப்ஸ்டர் மூன்றாம் பெரிய அகராதி. பதிவுகள் 4,70,000க்கும் மேல். அவற்றுக்கு நீள வரம்பும் கிடையாது. உழைத்துச் சம்பாதித்துக் குடும்பம் நடத்தும் ஒருவரால் அதை முழுசாக உருப்போட முடியாது. அதனால்தான் ஸ்பெல்லிங்காரர் ஊகிக்கக் கற்றுக்கொள்கிறார். தாம் பார்த்தே இராத சொல்லை, கேட்ட மாத்திரத்தில் சரியாக எழுதுவதற்கு என்னென்ன தெரிந்திருக்க வேண்டுமோ அதைப் படிக்கிறார்.

ஆங்கிலத்தில் அழுத்தம் விழாத இடங்களில் உயிர் எழுத்துகளெல்லாம் தேய்ந்து ஒரே மங்கலான ஒலியாகிவிடும். ஷ்வா என்று அதற்குப் பெயர். கேட்பவர் காதில் விழுவது ஏயா, ஈயா, ஓவா என்று சொல்லவே முடியாது. போட்டியில் பெரும்பாலோர் தடுக்கி விழும் இடம் இதுதான். அங்கே காது உதவாது. சொல்லின் பிறப்புதான் உதவும். எந்த மொழியிலிருந்து வந்தது, என்ன பொருள், வாக்கியத்தில் எப்படி வரும் என்று கேட்கும் உரிமை போட்டியாளருக்கு உண்டு. 2023இல் பிள்ளைகளின் தேசியப் போட்டியில் வென்ற சொல் ஸம்மோஃபைல். மணலில் செழிக்கும் உயிரைக் குறிப்பது. கிரேக்கம் என்று தெரிந்தவருக்கு முதலில் நிற்கும் ஒலியற்ற ‘பி’ தானாகக் கைக்கு வரும். தெரியாதவர் ‘எஸ்’ஸில் தொடங்கி வெளியேறுவார்.

2021இல் வென்ற சொல் நமக்கு இன்னும் நெருக்கம். முர்ரயா. பதினான்கு வயது ஸைலா அவான்ட்-கார்ட் அதைக் கேட்டதும், இதற்குள் முர்ரே என்ற பெயர் இருக்கிறதா, நகைச்சுவை நடிகர் ஒருவருக்கு இருக்குமே அந்தப் பெயர், என்று கேட்டாள். கேள்வி சரியான இடத்தில் தைத்தது. தாவர இனத்துக்கு ஆள் பெயர் வைப்பது வழக்கம் என்பதும், பெயரின் கடைசியில் ஓர் ‘ஏ’ சேர்ப்பார்கள் என்பதும் தெரிந்திருந்தால் இரட்டை ‘ஆர்’ தயக்கமில்லாமல் வந்துவிடும். தாவரவியல் அறிஞர் லின்னேயஸின் மாணவர் முர்ரேயின் பெயரைத் தாங்கிய அந்த இனத்தில்தான் நம் கறிவேப்பிலையை நெடுங்காலமாகச் சேர்த்து, முர்ரயா கொனிகியி என்று அழைத்துவருகிறார்கள். பின்பாதியில் இருப்பது இன்னொரு மாணவர்: தரங்கம்பாடிக்கு மருத்துவராக வந்து, ஆர்க்காட்டு நவாபிடமும் பணியாற்றிய கோனிக். ரசத்தில் தாளித்துக் கொட்டும் இலையோடு இந்த இரண்டு மனிதர்களையும் ஒருமுறை சேர்த்துப் பார்த்த தமிழர் எவருக்கும் அந்த எழுத்துகள் மறக்காது. ஸ்கிராபிளிலோ, ஆங்கிலத்தில் பெரிய எழுத்தில் தொடங்கும் இத்தகைய பெயர்களுக்கு இடமே இல்லை.

மறுபக்கத்தின் உச்சம் நைஜல் ரிச்சர்ட்ஸ். நியூஸிலாந்தில் பிறந்து மலேசியாவில் வாழ்பவர். ஆங்கில ஸ்கிராபிளில் ஐந்து முறை உலகப் பட்டம் வென்றவர். 2015இல் பிரெஞ்சு ஸ்கிராபிளின் உலகப் பட்டத்தையும் வென்றார், பிரெஞ்சு பேசத் தெரியாமலே. சுமார் ஒன்பது வாரம் பிரெஞ்சுச் சொற்பட்டியலோடு இருந்தது மட்டும்தான் தயாரிப்பு. 2024இல் ஸ்பெயினின் கிரனாடாவில் ஸ்பானியப் பட்டமும் அவருக்கே. அந்த மொழியும் அவருக்குப் பேச வராது. பிரமிக்க வைக்கும் நினைவாற்றல், மறுப்பதற்கில்லை. ஆனால் அந்தச் சொற்களில் ஒன்றை யாராவது அவர் காதில் சொன்னால் என்ன ஆகும்? அவருடைய பயிற்சியில் ஒலிக்கே இடமில்லை.

கனடாவின் கல்கரி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2012இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு ஒரு சான்று. திரையில் தோன்றும் எழுத்துக்கோவை சொல்லா இல்லையா என்று தீர்மானிக்கும்போது, போட்டி ஸ்கிராபிள் ஆட்டக்காரர்கள் மற்றவர்களைவிடப் பொருளைக் குறைவாகவே சார்ந்திருந்தார்கள். மேலிருந்து கீழாக எழுதிய சொற்களை அடையாளம் காண்பதிலும் அவர்கள் வேகமானவர்கள். பலகையில் சொற்கள் நெடுக்கிலும் ஓடுகின்றன அல்லவா! பழக்கம் மூளையையே அதற்கேற்பத் திருப்பிவிடுகிறது.

இரண்டு முறைகளையும் ஒரே சொல்லில் வைத்துப் பார்க்க ஸிஸிஜி தோதானது. எஸ், ஒய், ஸெட், ஒய், ஜி, ஒய். ஸ்கிராபிள்காரர் உடனே கணக்குப் போடுவார். பெட்டியில் உள்ள நூறு கட்டைகளில் ‘ஒய்’ இரண்டே. ஆகவே மூன்றாவது ‘ஒய்’க்கு வெற்றுக் கட்டை வேண்டும், அதற்கு மதிப்பில்லை, மொத்தம் 21. ஸ்பெல்லிங்காரர் நுகத்தடியைப் பார்ப்பார். கிரேக்கத்தில் நுகம் ஸைகோன். ‘ஸி’ என்பது ‘சேர்ந்து’. ஒரே நுகத்தில் பூட்டியதுபோல் சூரியன், நிலவு, பூமி மூன்றும் ஒரு கோட்டில் வருவது ஸிஸிஜி. அமாவாசையும் பௌர்ணமியும் அதுதான். பத்தாம் வகுப்பு உயிரியலில் படித்த ஸைகோட்டும் இந்த நுகத்திலிருந்து வந்ததே. கிரேக்கத்தின் அந்த உயிரெழுத்து ஆங்கிலத்தில் ‘ஒய்’ ஆகும் என்ற ஒரே விதியில் மூன்று இடமும் தெளிந்துவிடும். முன்னவருக்குக் கிடைத்தது ஆறு எழுத்து. பின்னவருக்கு ஒரு குடும்பமே கிடைத்தது.

வயதானவருக்குப் பின்னவர் வழி பொருந்தும் என்று சொல்வது இதனால்தான். ஹார்ட்ஷார்னும் ஜெர்மைனும் 2015இல் வெளியிட்ட ஆய்வின்படி, மனத்தின் வேகம் பதின்ம வயதின் இறுதியிலேயே உச்சம் தொட்டு இறங்குகிறது. சொல்வளமோ அறுபதுகளின் பிற்பகுதிவரை கூடிக்கொண்டே போகிறது. ஒருவருக்கு 25 நிமிடக் கடிகாரம் ஓடும் ஸ்கிராபிள் போட்டி, வேகத்தையும் கேட்கிறது. ஸ்பெல்லிங் மேடை கேட்பது வாழ்ந்து சேர்த்த அறிவை. மருத்துவமனை அறிக்கை, பஞ்சாங்கம், சமையலறை, தோட்டம் என்று புதிய சொல்லைக் கட்டிவைக்க ஐம்பது வயதுக்காரரிடம் எத்தனையோ முளைகள் இருக்கின்றன.

நேர்மை விஷயத்திலும் வேறுபாடு உண்டு. ஸ்கிராபிளில் இல்லாத சொல்லைத் துணிந்து இறக்கலாம். எதிராளி ஆட்சேபிக்காவிட்டால் அது நின்றுவிடும், ஆட்ட விதியே அப்படி. ஸ்பெல்லிங் மேடையில் மழுப்ப வழியில்லை. வாயிலிருந்து வந்த எழுத்து வந்ததுதான். அந்தக் கண்டிப்பு எனக்குப் பிடித்திருக்கிறது.

ஆனால் வேர்களை ரசித்துக்கொண்டே இருந்தால் மேடையில் கை கொடுக்காது. கார்பிக்கும் ரோடிகரும் 2008இல் 40 ஸ்வாஹிலிச் சொற்களை வைத்துச் செய்த சோதனையில், தம்மைத் தாமே மீண்டும் மீண்டும் சோதித்துக்கொண்டவர்கள் ஒரு வாரம் கழித்து 80 விழுக்காடு அளவுக்கு நினைவுகூர்ந்தார்கள். சோதிக்காமல் திரும்பத் திரும்பப் படித்தவர்கள் அதில் பாதியைக்கூட எட்டவில்லை. தேசியப் போட்டிப் பிள்ளைகளை ஆராய்ந்த ஏஞ்சலா டக்வொர்த் குழு 2011இல் சொன்னது இன்னும் கறார்: தனியே உட்கார்ந்து சொற்களைப் படிக்கும் பயிற்சியே வெற்றியோடு அதிகம் தொடர்புடையது, அதுவே பிள்ளைகளுக்கு மிகவும் அலுப்பூட்டியதும். ஸ்கிராபிள்காரர்கள் இதை அனுபவத்திலேயே கண்டுகொண்டவர்கள். எழுத்துகளை அகர வரிசையில் கலைத்துக் காட்டி விடை கேட்கும் மென்பொருளில், தவறவிட்டதை நாளையும் சரியாகச் சொன்னதைப் பத்து நாள் கழித்தும் பார்க்கிறார்கள். ஸ்பெல்லிங்காரர் இதை அப்படியே எடுத்துக்கொள்ளலாம், ஒரே ஒரு மாற்றத்தோடு. சொல்லைக் கண்ணால் பார்க்காமல் அகராதிச் செயலியில் காதால் கேட்டு, தாளில் எழுதி, பிறகே சரிபார்க்க வேண்டும். நம் ஊரில் படித்தவர்களுக்கு இன்னொரு எச்சரிக்கையும் உண்டு: பிரிட்டிஷ் முறையில் கைக்குப் பழகிய ஹெமரேஜ், டயரியா போன்ற சொற்களில் அமெரிக்க அகராதி எதை முதலில் தருகிறது என்று பார்த்துக்கொள்வது நல்லது.

வேர்கள் கைவிடும் சொற்களும் இருக்கவே செய்கின்றன. 2013இல் தேசியப் போட்டியை முடித்துவைத்த சொல் நைடல், யூதர்கள் சூப்பில் போடும் மாவுருண்டை. ஹீப்ரு எழுத்தில் எழுதப்படும் இட்டிஷ் மொழியிலிருந்து வந்தது. இட்டிஷ் ஆய்வு நிறுவனமான யிவோ வகுத்த ஒலிபெயர்ப்பு முறையைக் கற்றவர் அதை ‘கே, என், ஈ, ஒய், டி, எல்’ என்று எழுதுவார். நடுவர்கள் கேட்டது வெப்ஸ்டர் அகராதியில் உள்ள ‘கே, என், ஏ, ஐ, டி, ஈ, எல்’. இட்டிஷ் அறிந்தவர்கள் அப்போதே எதிர்ப்புத் தெரிவித்தார்கள், ஆனால் பட்டம் அகராதியோடுதான் போனது. பிறப்பைத் தெரிந்துகொண்டாலும் எழுத்து பிடிபடாத இப்படிப்பட்ட சொற்களைத் தனியே பிரித்து வைத்து, ஸ்கிராபிள்காரர்போல எழுத்து எழுத்தாக மனத்தில் பதித்துக்கொள்வதைத் தவிர வழியில்லை. 1972இல் ஸெபாஸ்டியன் லைட்னர் சொல்லிக்கொடுத்த அட்டைப் பெட்டி அதற்குப் போதும்: தவறினால் முதல் அறைக்கு, சரியானால் அடுத்த அறைக்கு.