இலங்கைக்கு அரிசி அனுப்ப தமிழ்நாட்டுக்கு ஏன் டெல்லியின் அனுமதி தேவைப்பட்டது?

2022 மே 18-ம் தேதி சென்னைத் துறைமுகத்தில் இருந்து ஒரு கப்பல் கிளம்பியது. அதில் 9 ஆயிரம் டன் அரிசி, 200 டன் பால் பவுடர், 24 டன் மருந்து. கொடுத்தது தமிழ்நாடு அரசு. ஆனா கொழும்பில் அதை இலங்கை அரசிடம் ஒப்படைத்தது இந்தியத் தூதர். ஏன் அப்படி?

மாநிலத்துக்கு அதிகாரம் இல்லையா?

இல்லை. அரசியலமைப்பின் 7-வது அட்டவணைப்படி வெளியுறவு மத்திய அரசின் பட்டியலில் இருக்கு. அதனால்தான் 2022 ஏப்ரல் 29-ம் தேதி சட்டமன்றத்தில், நிவாரணம் அனுப்ப அனுமதி கேட்டு முதலமைச்சர் ஸ்டாலின் தீர்மானம் கொண்டுவந்தார். அது ஒருமனதாக நிறைவேறியது. தீர்மானம்னா சட்டம் இல்லை, கோரிக்கைதான். மத்திய அரசு 'முடியாது'ன்னு சொல்லியிருந்தா அரிசி குடோனிலேயே இருந்திருக்கும்.

மொத்தம் அறிவித்தது 123 கோடி ரூபாய்க்கு: 40 ஆயிரம் டன் அரிசி, 500 டன் பால் பவுடர், 137 வகை மருந்துகள். முதலில் இலங்கைத் தமிழர்களுக்கு அனுப்பத்தான் யோசனை. தமிழர்களுக்கு மட்டும் வேண்டாம், எல்லாருக்கும் அனுப்புங்கன்னு கேட்டது அங்குள்ள தமிழ்த் தலைவர்களேதான். பசியில் இருக்கும் ஊரில் ஒரு வீட்டுக்கு மட்டும் மூட்டை இறங்கினா என்ன ஆகும்னு அவங்களுக்குத் தெரியாதா?

நமக்கு என்ன சம்பந்தம்?

பெரியபாளையம் பக்கம் இருக்கிறவங்களுக்கு இது தூரத்துச் செய்தி இல்லை. கும்மிடிப்பூண்டியிலேயே இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம் இருக்கு. 2022 மார்ச்சில் விலைவாசி தாங்காமல் மறுபடியும் தனுஷ்கோடிக்குப் படகில் குடும்பங்கள் வர ஆரம்பிச்சாங்க. அண்டை நாடு ஆட்டம் கண்டால் முதலில் தெரிவது தமிழ்நாட்டுக் கரையில்தான்.

மத்திய அரசு எவ்வளவு கொடுத்தது?

2022-ல் சுமார் 400 கோடி டாலர். உணவு, மருந்துக்கு எஸ்பிஐ வழியாக 100 கோடி டாலர், எரிபொருளுக்கு எக்ஸிம் வங்கி வழியாக 50 கோடி டாலர், ரிசர்வ் வங்கியின் 40 கோடி டாலர் கரன்சி ஸ்வாப் எல்லாம் இதில் அடக்கம். கவனிங்க, இதில் பெரும்பகுதி கடன். தமிழ்நாடு அனுப்பிய அரிசி இனாம்.

இதுக்குத் தனிச் சட்டம் உண்டா?

அமெரிக்காவில் உண்டு. உக்ரைனுக்கான சுமார் 6,100 கோடி டாலர் உதவி, அங்கே நாடாளுமன்றத்தில் மாதக்கணக்கில் இழுத்து, 2024 ஏப்ரல் 24-ம் தேதிதான் சட்டமானது. இந்தியாவில் அப்படி நாடு வாரியாகச் சட்டம் போடுவதில்லை. வெளியுறவு அமைச்சகத்தின் பட்ஜெட்டில் ஒரு வரியாக வரும். 2025-26-ல் பூடானுக்கு 2,150 கோடி ரூபாய், மாலத்தீவுக்கு 600 கோடி, இலங்கைக்கு 300 கோடி. எக்ஸிம், எஸ்பிஐ கடன்கள் இந்தக் கணக்கிலேயே வராது.

வேகமா உதவ இது வசதிதான். ஆனா எம்.பி.க்கள் தனியா விவாதிக்க இடம் குறைவு. 2025 ஏப்ரல் 5-ம் தேதி பிரதமர் மோடி கொழும்பு போனப்போ இரு நாடுகளுக்கும் இடையே பாதுகாப்பு ஒத்துழைப்பு ஒப்பந்தம் கையெழுத்தானது. அதுக்கும் நம்ம நாடாளுமன்றத்தில் ஓட்டெடுப்பு தேவைப்படவில்லை.