கருப்பையின்மேல் சுமத்தப்பட்ட வலி

1881ஆம் ஆண்டின் கோடைக்காலத்தில், இங்கிலாந்தில், ஹால்ரைட் என்ற மருத்துவர் தம் நோயாளியான பெண் ஒருவரை வந்து காணுமாறு பர்மிங்காம் நகரத்து அறுவை மருத்துவர் லாசன் டெய்ட்டை அழைத்தார். கருப்பைக்குள் தங்கியிருக்க வேண்டிய கரு கருக்குழாயிலேயே தங்கி வளர்ந்து, குழாயைக் கிழித்துவிட்டது. வயிற்றுக்குள் குருதி பெருகிக்கொண்டிருக்கிறது என்று ஹால்ரைட் கணித்திருந்தார். கணிப்பு சரியானது. வயிற்றைத் திறந்து கிழிந்த குழாயை அகற்றிவிடலாமே என்றும் அவர் யோசனை சொன்னார். டெய்ட்டுக்கு அது அதிர்ச்சியாக இருந்தது, அவர் உடன்படவில்லை. பின்னர் மீண்டும் குருதி பெருகி அப்பெண் இறந்தார். பிணப் பரிசோதனையில் கிழிசலைக் கண்ட டெய்ட், அந்த இடத்தில் ஒரு கட்டுப் போட்டிருந்தால் குருதி நின்றிருக்கும் என்பதை உணர்ந்தார். பின்னாளில் அவரே இதை வெட்கத்தோடு எழுதிவைத்தார்.

இதில் நாம் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. டெய்ட் கோழையல்லர். பெண்களின் வயிற்றைத் திறந்து சினைப்பைக் கட்டிகளை அகற்றுவதில் அந்நாளில் அவருக்கு நிகரானோர் மிகச் சிலரே. முந்தைய ஆண்டான 1880இல்தான் பதினேழு வயதுப் பெண் ஒருத்தியின் அழுகிய குடல்வாலை (நாம் அப்பெண்டிக்ஸ் என்று சொல்கிறோமே, அதை) வெட்டியெடுத்துப் பிழைக்க வைத்திருந்தார். அத்தகையவரே தயங்கினார் என்றால் காரணம் கைத்திறனில் இல்லை. உயிரோடிருக்கும் பெண்ணின் வயிற்றுக்குள் நடப்பதை வெளியே நின்று அறிய முடியும் என்ற நம்பிக்கை அன்றைய மருத்துவத்துக்கு இல்லை. குழாய்க் கர்ப்பம் என்பது பெரும்பாலும் பிணமேசையில் அறியப்பட்ட நோய். பிலடெல்பியாவைச் சேர்ந்த ஜான் பாரி 1876இல் வெளியிட்ட நூலில் இத்தகைய 500 நேர்வுகளைத் திரட்டினார். அவர்களுள் 336 பேர் இறந்திருந்தனர்.

அந்த நம்பிக்கையின்மைக்கு வேர் மிக ஆழமானது. கிரேக்க மருத்துவத்தில், இப்போக்கிராத்தேசின் பெயரால் வழங்கும் நூல்களிலேயே, பெண்ணின் வயிற்றில் தோன்றும் வலிகளுக்கும் மூச்சடைப்புக்கும் மயக்கத்துக்கும் ஒரே காரணம் திரும்பத் திரும்பச் சொல்லப்படுகிறது: கருப்பை இடம்பெயர்ந்து அலைகிறது. அதனால் மூக்கருகே துர்நாற்றப் பொருளைக் காட்டி மேலிருந்து விரட்டுவார்கள். கீழே நறுமணப் புகையிட்டு அழைப்பார்கள். கருப்பைக்கு மோப்ப சக்தி உண்டென்பது அவர்கள் எண்ணம். கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் ரோமாபுரியில் தொழில் செய்த எபேசு நகரத்துச் சொரானசு இதை மறுத்தார். கருப்பை வளையிலிருந்து புறப்படும் விலங்கு அன்று என்றும், நாற்றங்களால் அது நகராது என்றும் அவர் எழுதினார். சொரானசு சொன்னது எடுபடவில்லை. கருப்பையைக் குறிக்கும் ‘ஹிஸ்டெரா’ என்ற கிரேக்கச் சொல் ‘ஹிஸ்டீரியா’ ஆகி, நம் பேச்சிலும் நுழைந்து, பெண்ணின் நோவை நம்பாமல் ஒதுக்குவதற்கு வசதியான பெயராக வாழ்ந்துவந்தது. பிழையான நோயறிதல் ஒன்று இத்தனை நூற்றாண்டு உயிர்த்திருந்ததற்கு வேறு எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை.

பதுவா நகரத்து உடற்கூற்றாசிரியர் கப்ரியேலே ஃபலோப்பியோ கருக்குழாயைத் துல்லியமாக விவரித்தது 1561இல். அவர் அதற்கு இட்ட பெயர் ‘தூபா’. இலத்தீனில் அதற்கு எக்காளம் என்று பொருள். விரிந்த வாயுடைய ஊதுகொம்பைப் போல அது அவர் கண்ணுக்குத் தோன்றியது. பிற்காலத்தார் உவமையை மறந்து வெறும் ‘குழாய்’ ஆக்கிவிட்டனர்; நாமும் அப்படியே மொழிபெயர்த்துக்கொண்டோம். பெயர் கிடைத்த பிறகும், அந்தக் குழாய் நோயுற்றிருப்பதை உயிருள்ளவரிடம் அறிய முந்நூறு ஆண்டுக்கு மேல் ஆயிற்று.

இடையில் எதிர்த்திசைப் பிழை ஒன்றும் நிகழ்ந்தது. மயக்க மருந்து வந்தபின் வயிற்றைத் திறப்பது எளிதாயிற்று. 1872ஆம் ஆண்டின் கோடையில் சில வார இடைவெளிக்குள் ஜெர்மனியில் ஹேகர், இங்கிலாந்தில் அதே டெய்ட், அமெரிக்காவில் ராபர்ட் பேட்டி ஆகிய மூவரும் தனித்தனியே கட்டி ஏதுமில்லாத சினைப்பைகளை அகற்றினர். பேட்டியின் பெயரால் வழங்கிய அறுவை தொடர்ந்த ஆண்டுகளில் பரவியது. மாதவிலக்கு வலிக்கும் வலிப்புக்கும் மனநோய்க்கும்கூட நலமான சினைப்பைகள் வெட்டப்பட்டன. முன்னே கருப்பை அலைகிறது என்றார்கள்; இப்போது சினைப்பை கெட்டது என்றார்கள். குற்றவாளியின் பெயர் மாறியதே தவிர விசாரணை நடக்கவில்லை.

ஹால்ரைட்டின் நோயாளி இறந்து ஏறத்தாழ ஒன்றரை ஆண்டு கழித்து, 1883 ஜனவரியில், டெய்ட் அதேபோன்ற இன்னொரு பெண்ணின் வயிற்றைத் திறந்தார். ஒட்டிக்கிடந்தவற்றைப் பிரித்தெடுப்பதில் நேரம் கழிந்தது, அப்பெண்ணும் இறந்தார். மார்ச் 3ஆம் நாள் அடுத்தவர். இம்முறை வேறெதையும் தொடாமல் நேரே குருதி வரும் இடத்தைக் கட்டினார். அப்பெண் பிழைத்தார். 1888இல் அவர் தம் அனுபவங்களை விரிவுரைகளாக வெளியிட்டபோது இவ்வகை அறுவை நாற்பதைக் கடந்திருந்தது, பெரும்பாலோர் உயிரோடிருந்தனர்.

இதற்கு நடுவே, 1886இல், பாஸ்டன் நகரத்து ரெஜினால்டு ஃபிட்ஸ், வலப்புற அடிவயிற்று வலிக்கும் சீழுக்கும் பெரும்பாலும் மூலம் குடல்வாலே என்று நிறுவினார். 1889இல் மெக்பர்னி, தொட்டால் வலி உச்சமாகும் புள்ளியைக் குறித்தார். ஆணுக்கு இது பெரிய தெளிவு. பெண்ணுக்கோ இதனால் ஐயம் ஒன்று கூடியது. அதே வலப்புறத்தில், சில அங்குலத்துக்குள், குடல்வாலும் கருக்குழாயும் சினைப்பையும் சிறுநீர்க்குழாயும் நெருங்கிக் கிடக்கின்றன. கர்ப்பிணிக்கு மாதங்கள் ஏற ஏறக் குடல்வால் மேல்நோக்கித் தள்ளப்படுகிறது என்று 1932இல் பேயர் எக்ஸ்கதிர்ப் படங்கள் வழியே காட்டினார். ஆக மெக்பர்னியின் புள்ளியும் அவளுக்கு நிலையில்லை.

கருவிகள் இல்லாத அக்காலத்தில் இவற்றை எப்படிப் பிரித்தறிந்தார்கள் என்பதுதான் இவ்வரலாற்றில் என்னை மிகவும் கவர்ந்த பகுதி. லண்டன் செயின்ட் மேரி மருத்துவமனையின் ஸக்கரி கோப் 1921இல் வெளியிட்ட கடும் வயிற்றுவலி பற்றிய நூல், நூறாண்டு கடந்தும் திருத்திய பதிப்புகளாக வாழ்கிறது. அதே பொருளை 1947இல் ‘ஸீட்டா’ என்ற புனைபெயரில் எதுகையோடு செய்யுளாகவும் யாத்தார். மருத்துவத்தைப் பாட்டில் கட்டிவைப்பது சித்தர் நூல்களில் பழகிய நமக்கு வியப்பன்று. இருபதாம் நூற்றாண்டு லண்டன் அறுவை மருத்துவர் அதைச் செய்தார் என்பதே வியப்பு.

அந்த மரபின் உயிர்நாடி, நிகழ்ச்சிகளின் வரிசை. குடல்வால் அழற்சியில் வலி பெரும்பாலும் தொப்புளைச் சுற்றித் தொடங்கும், பிறகு குமட்டல், அதன்பின் வலி வலப்புறம் இறங்கும், சுரம் பின்னால் வரும். கருக்குழாயில் கிருமித் தொற்று என்றால் இருபுறமும் வலி, சுரம், வெள்ளைப்படுதல். சினைப்பை தன் காம்பில் முறுக்கிக்கொண்டால் நொடியில் பாய்ந்த வலியோடு வாந்தி. குழாய் கிழிந்தால் முதலில் கண் இருளும். எழுந்து நின்றால் மயக்கம். படுத்தால் தோள்முனையில் வலி. அடிவயிற்று நோய்க்குத் தோள் ஏன் வலிக்க வேண்டும்? வயிற்றில் தேங்கிய குருதி உதரவிதானத்தின் அடியைத் தொடுகிறது. உதரவிதானத்துக்கும் தோளுக்கும் உணர்வைக் கொண்டுசெல்லும் நரம்புகள் கழுத்துத் தண்டுவடத்தில் ஒரே இடத்தில் கூடுகின்றன. மூளை இடம் தவறிப் படிக்கிறது. தோள் வலிக்கிறது என்று பெண் சொல்வதை ‘சம்பந்தமில்லாத பேச்சு’ என்று ஒதுக்கிய மருத்துவர் அவளை இழந்தார். ஜான்ஸ் ஹாப்கின்ஸின் தாமஸ் கல்லன் 1918இல் குறித்த, தொப்புளைச் சுற்றிய நீலநிறமும் உண்டு. ஆனால் அது அரிதாகவே தோன்றும், தோன்றும்போது பெரும்பாலும் காலம் கடந்திருக்கும்.

கேள்விகளுள் தலையாயது கடைசி மாதவிலக்கு எந்நாள் என்பது. நம் ஊர்ப்புறங்களில் ‘முழுகாமல் இருக்கிறாள்’ என்றாலே கர்ப்பம் என்று பொருள். தலைமுழுக்கு தவறியதே அறிகுறி. வழக்காறே ஒரு நோயறிதல் விதி. ஆனால் இந்த நோய் அந்த விதியைத்தான் ஏமாற்றுகிறது. குழாய்க் கர்ப்பத்தில் பலருக்கு இடையிடையே குருதி கசிகிறது. அதை மாதவிலக்கென்று எண்ணித் தலைமுழுகிய பெண், ‘முழுகினேனே’ என்று உண்மையாகவே விடை சொல்வாள். தாயையும் மாமியையும் சுற்றி நிறுத்திக்கொண்டு மணமாகாத பெண்ணிடம் இக்கேள்வியைக் கேட்பவர்களைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். அங்கே விடை கிடைக்காது. பெயரளவுக்குக் கேள்வி முடியும்.

சொல்லை நம்பாமல் உடலையே கேட்கும் வழி பெர்லினில் பிறந்தது. ஆஷ்ஹைம், ஸோண்டெக் இருவரும் 1920களின் இறுதியில் பெண்ணின் சிறுநீரைச் சுண்டெலிக்குள் செலுத்திக் கர்ப்பத்தை அறியும் முறையைக் கண்டனர். முடிவு தெரிய நாட்கணக்கில் ஆகும். கிழிந்த குழாய் அத்தனை நாள் காத்திராது. முயலும் ஆப்பிரிக்கத் தவளையும் அடுத்து வந்து நேரத்தைக் குறைத்தன. 1972இல் கர்ப்பத்துக்கே உரிய ஹார்மோனைக் குருதியில் நுண்ணளவிலும் பிரித்தளக்கும் முறை வந்தபோதுதான் ‘கர்ப்பமா இல்லையா’ என்ற வினாவுக்கு ஐயமற்ற விடை கிட்டியது.

கர்ப்பம் எங்கே என்ற வினாவுக்கு விடை, இரும்பாலையிலிருந்து வந்தது என்றால் நம்பக் கடினம். கிளாஸ்கோ பேராசிரியர் இயன் டொனால்டு 1955இல், அறுவையில் அகற்றிய கட்டிகளைக் காரில் ஏற்றிக்கொண்டு கொதிகலன் தொழிற்சாலை ஒன்றுக்குப் போனார். உலோகத்தின் உள்விரிசலை ஒலியலையால் காணும் கருவியை அவற்றின்மீது வைத்துப் பார்த்தார். ஒப்பிட்டுப் பார்ப்பதற்கு ஒரு மாட்டிறைச்சித் துண்டும் வைத்திருந்தார். 1958இல் லான்செட் இதழில் அவர் குழுவினரின் கட்டுரை வெளிவந்தது. குணமாக்க முடியாத புற்றுநோய் என்று கைவிடப்பட்ட பெண்ணின் வயிற்றில் இருந்தது பெரிய சினைப்பை நீர்க்கட்டி என்று அக்கருவி காட்டியதும், கட்டியை அகற்ற அப்பெண் பிழைத்ததும் இந்த ஆய்வின்போது நிகழ்ந்தவை. இன்று ‘ஸ்கேன்’ என்று நாம் சாதாரணமாகச் சொல்வதன் தொடக்கம் இது.

ஆயினும் மருத்துவர்களின் உறுதியை உண்மையில் உடைத்தது 1969இல் ஸ்வீடனின் லூண்ட் நகரத்திலிருந்து யாக்கப்சனும் வெஸ்ட்ரோமும் வெளியிட்ட ஆய்வே என்பேன். பாரிசின் ரவூல் பால்மர் 1940களில் வளர்த்தெடுத்த, சிறு துளை வழியே வயிற்றுக்குள் நோக்கும் லேப்ராஸ்கோப்பி முறையை அவர்கள் பயன்படுத்தினர். கருக்குழாய்த் தொற்று என்று கருதப்பட்ட 814 பெண்களின் வயிற்றுக்குள் பார்த்தபோது, நோய் உறுதியானது நூற்றுக்கு 65 பேரிடம் மட்டுமே. 12 விழுக்காட்டினருக்கு வேறு நோய்: குடல்வால் அழற்சி, குழாய்க் கர்ப்பம், எண்டோமெட்ரியோசிஸ் போன்றவை. எஞ்சிய 23 விழுக்காட்டினரின் உறுப்புகள் பார்வைக்கு நலமாகவே இருந்தன.

இதிலிருந்து, இனி எல்லாரையும் துளையிட்டுப் பார்த்தபின்பே மருந்து என்ற முடிவுக்கு மருத்துவம் வரவில்லை. தொற்றை விட்டுவைத்தால் குழாய் தழும்பேறிப் பிள்ளைப்பேறு தடைபடும், குழாய்க் கர்ப்பமும் கூடும் என்று வெஸ்ட்ரோமின் தொடர் ஆய்வுகள் காட்டின. ஆகவே வேறு காரணம் தென்படாத நிலையில், பரிசோதனையின்போது கருப்பையிலோ குழாய்ப் பகுதியிலோ தொடுவலி இருந்தாலே மருந்தைத் தொடங்குவது இன்றைய நெறி. தவறக்கூடும் என்று தெரிந்தே எடுக்கும் முடிவு இது. பழைய உறுதியைவிட இது எனக்கு நேர்மையாகப் படுகிறது.

பிள்ளைபெறும் வயதுப் பெண் கடும் அடிவயிற்று வலியோடு வந்தால் இன்று முதலில் செய்வது சிறுநீரில் கர்ப்பப் பரிசோதனை. சில நிமிடங்களில் விடை. பிறகு யோனிவழி ஸ்கேன். ஒன்று மட்டும் இன்னும் வழுக்குகிறது: முறுக்கிக்கொண்ட சினைப்பை. குருதியோட்டத்தைக் காட்டும் டாப்ளர் ஸ்கேன் ‘ஓட்டம் இருக்கிறது’ என்று சொன்ன பின்னும், உள்ளே முறுக்கு இருந்ததுண்டு. அப்போது படத்தை ஒதுக்கிவிட்டு, திடீரென்று பாய்ந்த வலி என்று அவள் சொன்னதையே கொண்டு லேப்ராஸ்கோப்பியில் பார்க்க முடிவெடுக்கிறார்கள். காலத்தோடு பிரித்துவிட்டால் சினைப்பை பெரும்பாலும் பிழைக்கிறது.