மூத்த மிஷனரித் தம்பதியர்

மூத்த மிஷனரித் தம்பதியர் எனப்படுவோர், பிள்ளைகளை ஆளாக்கிவிட்டு, பெரும்பாலும் வேலையிலிருந்து ஓய்வும் பெற்றபின், பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபையின் அழைப்பை ஏற்று முழுநேர ஊழியத்துக்குப் போகும் கணவன் மனைவியர். மார்மன் சபை என்று வெளியில் அறியப்பட்ட இச்சபையை 1830-இல் நியூயார்க் மாநிலத்தில் ஜோசப் ஸ்மித் தொடங்கினார். தலைமையகம் யூட்டா மாநிலத்தின் சால்ட் லேக் சிட்டியில் இருக்கிறது. 2024 முடிவில் உலகெங்கும் இச்சபைக்கு 74,000-க்கு மேற்பட்ட முழுநேர மிஷனரிகள் இருந்தனர். வெள்ளைச் சட்டை, டை, கறுப்புப் பெயர்ப்பட்டையுடன் இரண்டிரண்டு பேராகத் தெருவில் நடக்கும் இளைஞர்களே அதன் அடையாளமாகிவிட்டார்கள். அதே பட்டையை அணிந்துகொண்டு அந்த இளைஞர்களுக்கு வாடகைக்கு வீடு பிடித்துக் கொடுக்கும் அறுபது, எழுபது வயதுக்காரர்களை அவ்வளவாக யாரும் கவனிப்பதில்லை.

மிஷனரி என்றதும் தமிழ் வாசகர் மனத்தில் வரும் உருவம் வேறு. கால்டுவெல் 1838-இல், இருபத்து மூன்று வயதில் சென்னையில் கால் வைத்தார், இடையன்குடியில் ஊன்றினார், 1891-இல் கொடைக்கானலில் இறந்தார். இந்தத் தம்பதியரோ ஆயுளின் பிற்பகுதியில் புறப்பட்டு, 6, 12, 18 அல்லது 23 மாதங்களில் ஊர் திரும்பிவிடுவார்கள். சம்பளம் கிடையாது. செலவும் அவர்களுடையதே.

முன்வரலாறு

19ஆம் நூற்றாண்டில் இச்சபை மணமான ஆண்களைப் பெரும்பாலும் தனியாகவே அனுப்பிவைத்தது. 1839-இல் சபைத் தலைவர்களான பிரிகாம் யங்கும் ஹீபர் கிம்பலும் இங்கிலாந்துக்குக் கிளம்பியபோது அவர்களும் நோயில் கிடந்தார்கள், வீட்டில் மனைவி மக்களும் நோயில் கிடந்தார்கள். மணமாகாத பெண்களுக்கு முழுநேர ஊழியம் 1898-இல்தான் திறந்தது. தம்பதியராக அனுப்பும் வழக்கம் பரவலானது 20ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில். போனவர்கள் எல்லாரும் அமெரிக்கர்களும் அல்லர், முதியவர்களும் அல்லர். சமோவாவில் குடியிருந்த எட்வின், எல்சி தர்மராஜு என்ற இந்தியத் தம்பதியர் 1978 டிசம்பரில் குறுகிய கால ஊழியமாக ஹைதராபாத் வந்தார்கள்; அவர்களுடைய உறவினர் 22 பேர் ஞானஸ்நானம் பெற்றனர்.

அழைப்பும் செலவும்

இளைஞர்கள் எங்கே போவது என்று கேட்க முடியாது. தம்பதியர் தங்கள் விருப்பத்தையும் உடல்நிலையையும் விண்ணப்பத்தில் எழுதலாம், முடிவு தலைமையகத்துடையது. புறப்படுமுன் சில நாள் பயிற்சி உண்டு. இளைஞர்களுக்கு உள்ளதுபோல வாரக்கணக்கில் மொழிப் பயிற்சி இவர்களுக்குக் கட்டாயமில்லை. ஆகவே பலர் வணக்கம், நன்றி, எவ்வளவு என்ற அளவிலேயே உள்ளூர் மொழியை வைத்துக்கொண்டு காலம் தள்ளுகிறார்கள். இது இந்த ஏற்பாட்டின் உண்மையான பலவீனம்.

ஆட்கள் எப்போதும் போதுவதில்லை. சபைத் தலைவர்களில் ஒருவரான ராபர்ட் ஹேல்ஸ் 2001 ஏப்ரல் மாநாட்டில், தம்பதியர் தயங்குவதன் காரணங்களைப் பகுத்துச் சொன்னார்: பயம், குடும்பக் கவலை, தக்க பணி அமையுமா என்ற ஐயம், பணம். கடைசித் தடையைத் தளர்த்த 2011 செப்டம்பர் முதல் அவர்கள் கொடுக்கவேண்டிய வீட்டுச் செலவுக்கு மாதம் 1,400 டாலர் என்று உச்சவரம்பு வைக்கப்பட்டது. அதற்குமுன் டோக்கியோவுக்கு அழைக்கப்பட்டவரும் சிற்றூருக்கு அழைக்கப்பட்டவரும் ஒரே ஓய்வூதியத்தில் வேறுவேறு வாடகை கொடுக்கவேண்டியிருந்தது. மருத்துவம் தனிச் சிக்கல். அமெரிக்க முதியோருக்கான மெடிகேர் பொதுவாக வெளிநாட்டில் செல்லாது. வேறு காப்பீடு எடுத்தாக வேண்டும்.

அன்றாடம்

ஊழியம் என்ற சொல்லைக் கேட்டுப் பிரசங்கத்தை எதிர்பார்ப்பவர், மிஷன் எனப்படும் ஊழிய வட்டாரத்தின் அலுவலகத்தில் ஒரு நாள் உட்கார்ந்தால் ஏமாந்துபோவார். அங்கே நடப்பது கணக்குப்பிள்ளை வேலை. நூறு, இருநூறு இளைஞர்களின் வாடகை ஒப்பந்தங்கள், மின்கட்டணம், குடியிருப்பு அனுமதி, கார்களின் பழுது, தபால் எல்லாம் ஒரு முதிய கணவன் மனைவியின் மேசைக்கு வந்து சேரும். ஏறக்குறைய ஆறு வாரத்துக்கு ஒருமுறை இளைஞர்களுக்கு இடமாற்றம். அந்த வாரத்தில் புதியவர்களை விமான நிலையத்திலிருந்து அழைத்து வரவேண்டும், காலம் முடிந்தவர்களை வழியனுப்பவேண்டும், பெட்டிகளை ஏற்றி இறக்கவேண்டும்.

வீட்டுச் சோதனை இன்னொரு கடமை. இளைஞர்களின் குடியிருப்புகளுக்குப் போய்ச் சுவரில் பூஞ்சணம் படர்ந்திருக்கிறதா, எரிவாயு கசிகிறதா, குளியலறை கழுவப்பட்டதா என்று பார்க்கிறார்கள். குறிப்பேட்டோடு போகும் மூதாட்டி பெரும்பாலும் ஏதேனும் பலகாரமும் கொண்டுபோகிறார். திட்டு விழுந்தாலும் பையன்கள் அவரை எதிர்பார்ப்பது அதற்காகத்தான். பத்தொன்பது வயதில் வீட்டை விட்டு வந்தவர்களுக்கு இவர்கள் தாத்தா பாட்டி ஸ்தானத்தில் இருக்கிறார்கள். இளைஞர்கள் 2019 வரை ஆண்டுக்கு இரண்டு தடவைதான் வீட்டாரோடு தொலைபேசியில் பேசலாம் என்றிருந்தது. முதியவர்களுக்கு அந்தக் கட்டுப்பாடு இருந்ததில்லை. பேரப்பிள்ளைகளோடு பேசலாம், வேலை நேரத்தையும் பெருமளவு தாங்களே வகுத்துக்கொள்ளலாம், கதவு கதவாகத் தட்டவேண்டியதில்லை.

ஞாயிறன்று சிறு கிளைச் சபைகளில் இவர்களுக்கு ஓய்வில்லை. கீபோர்டு வாசிக்க ஆளில்லாவிட்டால் மனைவி உட்காருகிறார். தசமபாகக் கணக்கும் உறுப்பினர் பதிவேடும் எழுதக் கணவர் உள்ளூர்க்காரருக்குப் பழக்குகிறார். எல்லாவற்றையும் தாமே செய்து முடித்துவிடும் சுறுசுறுப்பான தம்பதியர் கிளம்பிப்போன பிறகு அந்தக் கிளை திணறும். மெதுவாகச் செய்தாலும் உள்ளூர்க்காரர் கையில் விட்டுவைப்பவர்களே அங்கு உண்மையில் பயன்பட்டவர்கள்.

விருந்துபசாரம் அடிக்கடி ஒரு சங்கடம். 1833-இல் ஜோசப் ஸ்மித் அறிவித்த உணவு நெறிப்படி தேநீர், காப்பி, மது, புகையிலை நான்கும் விலக்கு. ஜார்ஜியா நாட்டில் மது, மொராக்கோவில் தேநீர் என்று வரவேற்கும் வீடுகளில், மனம் நோகாதபடி மறுக்கும் கலையைக் கற்றுக்கொள்வது எந்தப் பயிற்சியிலும் அடங்காது.

அலுவலகத்துக்கு வெளியேயும் பணிகள் உண்டு. சிலர் மருத்துவமனைகளில் பச்சிளங்குழந்தைக்கு மூச்சு வரவழைக்கும் பயிற்சிக்கும், சக்கர நாற்காலி வழங்கலுக்கும், கிணறு வெட்டும் திட்டங்களுக்கும் உள்ளூர் அமைப்புகளோடு சேர்ந்து ஏற்பாடு செய்கிறார்கள். சிலர் ஆவணக் காப்பகங்களில் நாளெல்லாம் பழைய ஞானஸ்நான, திருமணப் பதிவேடுகளைப் பக்கம் பக்கமாகக் கேமராவில் பதிகிறார்கள். வம்சாவளிக்காக இச்சபை 1938-இல் தொடங்கிய நுண்படப் பணியின் தொடர்ச்சி இது. எருசலேமில், பிரிகாம் யங் பல்கலைக்கழகம் எண்பதுகளின் இறுதியில் திறந்த மையத்தில் பணியாற்றுவோர் நிலை விசித்திரமானது. அங்கே மதப் பிரசாரம் செய்யமாட்டோம் என்று சபை இஸ்ரேலுக்கு உறுதி கொடுத்திருப்பதால், ஊழியத்துக்கு வந்தவர்கள் பார்வையாளருக்குக் கட்டடத்தைச் சுற்றிக் காட்டியும், கச்சேரிக்கு வருவோரை வரவேற்றும் காலம் கழிக்கிறார்கள்.

இருவருக்கும் இடையே

நாற்பது வருடம் காலையில் பிரிந்து மாலையில் சந்தித்த கணவனும் மனைவியும், அந்நிய ஊரில் ஒரு சிறு அடுக்ககத்தில், ஒரே மேசையில், ஒரே காரில் இருபத்து நாலு மணிநேரமும் சேர்ந்திருக்கவேண்டி வருகிறது. மேலாளராக இருந்தவர் மனைவிக்குக் கீழே கோப்பு அடுக்க நேரலாம். வீட்டோடு இருந்தவர் அலுவலகக் கணக்கில் கணவரை முந்தலாம். இப்படித் தலைகீழாவது சிலருக்குப் பிடித்துப்போகிறது, சிலருக்குக் கடைசிவரை ஒவ்வுவதில்லை.

காலம் முடிந்ததும் சாவி, கார், கணக்குப் புத்தகம் ஆகியவற்றை அடுத்த தம்பதியரிடம் ஒப்படைக்கிறார்கள். அடுத்தவர் வரத் தாமதமானால் அந்த மேசை காலியாகவே கிடக்கும். ஊர் திரும்பியபின் உள்ளூர்ச் சபைத் தலைவர் முறைப்படி விடுவிக்கிறார். உடல் இடம்கொடுத்தால் மறுபடி விண்ணப்பிக்கத் தடையில்லை. இரண்டாவது, மூன்றாவது முறை போனவர்கள் பலருண்டு.