கிராண்ட் கேன்யன் இரயில் பாதையும் தேசியப் பூங்காவும்

கிராண்ட் கேன்யன் என்பது அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் உள்ள மாபெரும் பள்ளத்தாக்கு ஆகும். கொலராடோ ஆறு ஏறத்தாழ 50 முதல் 60 இலட்சம் ஆண்டுகளாகப் பாறை அடுக்குகளை அரித்து இதனை உருவாக்கியது. இதன் நீளம் 446 கி.மீ. அகலம் சில இடங்களில் 29 கி.மீ. வரை உள்ளது. ஆழம் 1,800 மீட்டரைத் தாண்டுகிறது. 1979-இல் யுனெஸ்கோ இதனை உலகப் பாரம்பரியக் களமாக அறிவித்தது.

இன்று ஆண்டுக்கு ஏறத்தாழ 50 இலட்சம் பேர் இங்கு வருகின்றனர். இந்த இடத்தை மக்கள் கூடும் சுற்றுலாத் தலமாக மாற்றியதில் 103 கி.மீ. நீளமுள்ள ஓர் இரயில் பாதைக்குப் பெரும் பங்கு உண்டு. அதே பாதையோடு வந்த மாற்றங்கள், அங்கு வழிவழியாக வாழ்ந்த மக்கள் தங்கள் நிலத்தை இழப்பதற்கும் துணை நின்றன. இரயிலில் அங்கு செல்லத் திட்டமிடுவோர் இவ்விரண்டையும் அறிந்திருப்பது நல்லது.

பயனற்ற இடம் என்ற முடிவு

அமெரிக்கப் படையைச் சேர்ந்த ஜோசப் ஐவ்ஸ் 1857-58-இல் கொலராடோ ஆற்றுப் பகுதியை ஆராய்ந்தார். 1861-இல் வெளியான தம் அறிக்கையில், இந்த இடத்தால் எப்பயனும் இல்லை என்றும், தம் குழுவுக்குப் பின் வெள்ளையர் எவரும் இங்கு வரப்போவதில்லை என்றும் எழுதினார். அவரது கணிப்பு முழுவதும் பொய்த்துப்போனது.

1869-இல் ஜான் வெஸ்லி பவல் தலைமையில் பத்துப் பேர் நான்கு படகுகளில் ஆற்றின் வழியே பயணம் செய்தனர். ஏறத்தாழ மூன்று மாதங்கள் நீடித்த இப்பயணமே பள்ளத்தாக்கைப் பற்றிய அறிவியல் செய்திகளை வெளியுலகுக்குக் கொண்டுவந்தது. அந்தப் படகுகள் பயணம் தொடங்கிய கிரீன் ரிவர் என்ற ஊருக்கு இரயிலில்தான் வந்து சேர்ந்தன. அமெரிக்காவின் குறுக்கே செல்லும் முதல் இரயில் பாதை அதே ஆண்டு மே மாதத்தில்தான் நிறைவடைந்திருந்தது.

செம்புக்காகத் தொடங்கிய பாதை

பள்ளத்தாக்கின் தென் விளிம்புக்குச் செல்லும் பாதை சுற்றுலாவுக்காகத் தொடங்கப்படவில்லை. விளிம்புக்குத் தெற்கே அனிட்டா என்ற இடத்தில் செம்புச் சுரங்கங்கள் இருந்தன. அங்கிருந்து தாதுவைக் கொண்டுவர ஓர் இரயில் பாதை வேண்டும் என்று பக்கி ஓநீல் என்பவர் முயன்று முதலீட்டாளர்களைத் திரட்டினார். பிரஸ்காட் நகரின் மேயராக இருந்த இவர், 1898-இல் ஸ்பெயினுடனான போரில் கியூபாவில் உயிரிழந்தார். எனவே, பாதையைக் காணும் வாய்ப்பு அவருக்குக் கிடைக்கவில்லை. தென் விளிம்பில் அவர் கட்டிய மரக்குடில் மட்டும் இன்றும் நிற்கிறது.

வில்லியம்ஸ் என்ற ஊரிலிருந்து புறப்பட்ட பாதை 1900-இல் அனிட்டாவை அடைந்தது. ஆனால், செம்பு எதிர்பார்த்த அளவு கிடைக்காததால் நிறுவனம் கடனில் மூழ்கியது. நாட்டின் பெரிய இரயில் நிறுவனங்களில் ஒன்றான சாண்டா ஃபே அதனை வாங்கி, எஞ்சிய தொலைவையும் கட்டி முடித்தது. தாதுவை நம்பிய பாதை, அதன் பின்னர் பயணிகளை நம்பும் பாதையாயிற்று.

முதல் இரயில்

1901 செப்டம்பர் 17 அன்று முதல் பயணிகள் இரயில் தென் விளிம்பை அடைந்தது. அதற்கு முன் பயணிகள் ஃபிளாக்ஸ்டாஃப் நகரிலிருந்து குதிரை வண்டியில் கரடுமுரடான வழியில் நாள் முழுவதும் பயணம் செய்ய வேண்டியிருந்தது. அதற்குக் கட்டணம் 15 டாலருக்குக் குறையாது. இரயிலிலோ 3.95 டாலர் கட்டணத்தில் சில மணி நேரத்தில் சென்றுவிடலாம். வசதி படைத்த சிலர் மட்டுமே கண்ட காட்சி, நடுத்தரக் குடும்பங்களுக்கும் எட்டும் ஒன்றாயிற்று.

விடுதிகளும் விளம்பரமும்

வந்த பயணிகள் தங்குவதற்கு இடம் தேவைப்பட்டது. சாண்டா ஃபே நிறுவனம் 1905-இல் எல் டோவர் என்ற விடுதியை விளிம்பின் அருகிலேயே திறந்தது. அதனை நடத்தும் பொறுப்பு ஃபிரெட் ஹார்வி நிறுவனத்திடம் ஒப்படைக்கப்பட்டது. இரயில் நிலையங்களில் தூய்மையான உணவகங்கள் நடத்திப் புகழ்பெற்ற நிறுவனம் அது.

கட்டடக் கலைஞர் மேரி கோல்ட்டர் வடிவமைத்த ஹோப்பி இல்லம் அதே ஆண்டில் திறக்கப்பட்டது. ஹெர்மிட்ஸ் ரெஸ்ட் 1914-இலும், பள்ளத்தாக்கின் அடியில் உள்ள ஃபேன்டம் ரேஞ்ச் 1922-இலும், டெசர்ட் வியூ காவற்கோபுரம் 1932-இலும் எழுந்தன. பெண் கட்டடக் கலைஞர்கள் மிக அரிதாக இருந்த காலத்தில் அவர் செய்த பணி இது. அப்பகுதியின் கல்லையும் மரத்தையும் கொண்டு, பழங்குடி மக்களின் கட்டட மரபைப் பின்பற்றி அவர் அமைத்த கட்டடங்கள் நிலத்தோடு ஒன்றி நிற்கின்றன.

தென் விளிம்பு இரயில் நிலையம் 1910-இல் முடிந்தது. முழு மரத்தண்டுகளால் கட்டப்பட்ட இது, அமெரிக்காவில் எஞ்சியுள்ள அத்தகைய சில நிலையங்களுள் ஒன்றாகும்.

ஓவியங்களும் விளம்பரத்துக்குப் பயன்பட்டன. தாமஸ் மோரன் போன்ற ஓவியர்களின் படங்களை அச்சிட்டு இரயில் நிறுவனம் நாடெங்கும் பரப்பியது. பள்ளத்தாக்கை நேரில் காணாதவர்களும் அதனைப் படத்தில் கண்டு பயணத்துக்கு ஆசைப்பட்டனர்.

தேசியப் பூங்கா ஆன வழி

1893-இல் குடியரசுத் தலைவர் பெஞ்சமின் ஹாரிசன் இப்பகுதியைக் காப்புக்காடாக அறிவித்தார். 1903-இல் இரயிலில் வந்து பள்ளத்தாக்கைக் கண்ட தியோடர் ரூஸ்வெல்ட், இதனை மனிதர் மேம்படுத்த முடியாது என்றும், உள்ளபடியே விட்டுவைக்க வேண்டும் என்றும் அரிசோனா மக்களிடம் பேசினார். 1908-இல் அவரே இதனைத் தேசிய நினைவிடமாக அறிவித்தார். 1919 பிப்ரவரி 26 அன்று உட்ரோ வில்சன் காலத்தில் இது தேசியப் பூங்கா ஆயிற்று.

இதற்கு எதிர்ப்பும் இருந்தது. ரால்ஃப் கேமரன் என்பவர் சுரங்க உரிமை என்ற பெயரில் முக்கியமான இடங்களைப் பதிவு செய்துகொண்டு, பிரைட் ஏஞ்சல் பாதையில் இறங்குவோரிடம் சுங்கம் வாங்கினார். இரயில் நிறுவனத்தோடும் அரசோடும் அவர் வழக்காடினார். 1920-இல் உச்ச நீதிமன்றம் அவருக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. இவ்வளவு பெரிய நிலப்பரப்பைக் குடியரசுத் தலைவர் நினைவிடமாக அறிவித்தது செல்லும் என்பதும் அத்தீர்ப்பால் உறுதியாயிற்று.

ஹவசுப்பாய் மக்களின் இழப்பு

பூங்கா வரலாற்றில் நீண்ட காலம் பேசப்படாத பகுதி இது. ஹவசுப்பாய் என்ற சொல்லுக்கு நீலப்பச்சை நீரின் மக்கள் என்று பொருள். இவர்கள் கோடையில் பள்ளத்தாக்கின் உள்ளே நீரோடைகளின் கரையில் சோளமும் பூசணியும் பயிரிட்டனர். குளிர்காலத்தில் மேலே சமவெளியில் வேட்டையாடி வாழ்ந்தனர். 1882-இல் அரசு இவர்களுக்கென ஒதுக்கிய நிலம் வெறும் 518 ஏக்கர். மேட்டு நிலம் காப்புக்காடாகவும் பின்னர்ப் பூங்காவாகவும் ஆனபோது, அவர்களது வாழ்க்கையில் பாதி சட்டத்துக்குப் புறம்பானதாகிவிட்டது.

பிரைட் ஏஞ்சல் பாதையின் இடைவழியில் ஓர் ஊற்றும் அதனைச் சுற்றி அவர்களது தோட்டங்களும் இருந்தன. 1928-இல் அங்கு எஞ்சியிருந்த ஹவசுப்பாய் மக்களும் வெளியேற்றப்பட்டனர். விளிம்பிலோ தண்ணீர் இல்லை. விடுதிகளுக்குத் தேவையான நீரை இரயில் தொட்டி வண்டிகளில் தொலைவிலிருந்து கொண்டுவந்தது. 1932 முதல் அந்தத் தோட்ட ஊற்றின் நீரே விளிம்புக்கு மேலேற்றப்பட்டது. உழவர்களை அனுப்பிவிட்ட இடத்தின் நீரைப் பயணிகள் குடித்தனர்.

அம்மக்கள் தம் கோரிக்கையைக் கைவிடவில்லை. 1975-இல் நிறைவேறிய சட்டம் ஏறத்தாழ 1,85,000 ஏக்கர் நிலத்தை அவர்களுக்குத் திருப்பித் தந்தது. இந்தியன் கார்டன் என்று வழங்கிய அந்த இடம் 2022-இல் ஹவசுப்பாய் கார்டன்ஸ் எனப் பெயர் மாற்றப்பட்டது. பெயர் திரும்பியதே தவிர, அந்தத் தோட்டம் பூங்காவிடமே உள்ளது.

இரயிலின் மறைவும் மீட்சியும்

கார்கள் பெருகி, சாலைகள் சீரானபோது இரயிலின் செல்வாக்குக் குறைந்தது. 1920-களின் பிற்பகுதியிலேயே இரயிலில் வருவோரைவிடக் காரில் வருவோர் மிகுந்தனர். 1968-இல் கடைசிப் பயணிகள் இரயில் ஓடியபோது அதில் இருந்தவர்கள் மூவர் மட்டுமே. சில ஆண்டுகளில் சரக்கு இரயிலும் நின்றது.

ஆனால், காரின் வெற்றியே புதிய சிக்கலைக் கொண்டுவந்தது. விளிம்பில் வாகன நெரிசல் மிகுந்தது. 1974-இல் பூங்கா நிர்வாகம் இலவசப் பேருந்துகளை ஓட்டத் தொடங்கியது. தனியார் முதலீட்டில் பாதை சீர்செய்யப்பட்டு, 1989 செப்டம்பர் 17 அன்று, முதல் இரயில் வந்த அதே நாளில், சேவை மீண்டும் தொடங்கியது. சில நாட்களில் மட்டும் ஓடும் நீராவி எஞ்சின் ஒன்று, சமையலில் பயன்பட்ட எண்ணெயைச் சுத்திகரித்து எரிபொருளாகக் கொள்கிறது.

இன்று திட்டமிடுவோர் கவனிக்க வேண்டியவை

இப்பயணத்தில் இரண்டு இரயில்கள் உண்டு. சிகாகோவுக்கும் லாஸ் ஏஞ்சல்ஸுக்கும் இடையே ஓடும் சவுத்வெஸ்ட் சீஃப் பழைய சாண்டா ஃபே வழியில் வந்து ஃபிளாக்ஸ்டாஃபில் நிற்கிறது. சிகாகோவிலிருந்து வருவது இரவிலும், லாஸ் ஏஞ்சல்ஸிலிருந்து வருவது விடியலுக்கு முன்னும் சேர்வதால் தங்குமிடத்தை முன்பே உறுதி செய்ய வேண்டும். முன்பு வில்லியம்ஸ் அருகே இருந்த நிறுத்தம் 2018 தொடக்கத்திலிருந்து இல்லை. எனவே, அங்கிருந்து ஏறத்தாழ 50 கி.மீ. சாலை வழியே வில்லியம்ஸ் செல்ல வேண்டும். பழைய வழிகாட்டி நூல்களைப் பார்ப்போர் இதில் தவறக்கூடும்.

வில்லியம்ஸிலிருந்து பள்ளத்தாக்கு இரயில் காலையில் புறப்பட்டு இரண்டேகால் மணி நேரத்தில் விளிம்பை அடைகிறது. அன்றே திரும்புவோருக்குக் கிடைப்பது நான்கு மணி நேரத்துக்கும் குறைவு. விளிம்பில் நடக்க அது போதும். கீழே இறங்க நினைப்போர் ஓர் இரவாவது தங்குவது நலம். ஒரே நாளில் ஆறு வரை இறங்கி ஏற முயல வேண்டாம் என்று பூங்காக் காவலர்கள் எச்சரிக்கின்றனர். தென் விளிம்பு 2,100 மீட்டர் உயரத்தில் இருப்பதால் குளிர்ந்திருந்தாலும், கோடையில் அடிவாரத்தில் வெப்பம் 40 பாகையைத் தாண்டும். இறங்குவது எளிது, ஏறுவது கடினம் என்பதை மறக்கலாகாது. அரிசோனாவின் பெரும்பகுதி கோடையில் கடிகாரத்தை மாற்றுவதில்லை; இரயில் நேரம் பார்க்கும்போது இதனையும் நினைவிற்கொள்ள வேண்டும்.

ஐவ்ஸ் பயனற்றது என்று கருதிய நிலத்தில் ஹவசுப்பாய் மக்கள் அப்போதே பயிர் செய்து வாழ்ந்துகொண்டிருந்தனர். இன்று விளிம்பில் இறங்கும் பயணி கீழே நோக்கினால், பாறைகளுக்கு நடுவே சிறு பசுந்திட்டு ஒன்று தெரியும். அதுதான் அவர்களது பழைய தோட்டம்.