சாட்சி சொல்லும் வரைபடம்

தேசப்படம் என்றதும் பள்ளிக்கூடச் சுவரில் தொங்கும் வண்ணத் தாளே நம்மிற் பலருக்கு நினைவில் வரும். அதனைப் பார்க்கலாம், படிக்கலாம். ஒரு புள்ளியையும் நாம் சேர்த்தல் இயலாது. இன்று இணையத்தில் விரியும் வரைபடங்களுள் சில அத்தகையன அல்ல. காண்போரே அவற்றைத் திருத்தலாம். தாம் கண்ட செய்தியை உரிய இடத்தில் பொறித்தும் வைக்கலாம். இவ்வழக்கத்தின் வேரைத் தேடினால் எண்ணூறு ஆண்டுகளுக்கும் முந்திய வரலாறு ஒன்று புலனாகின்றது.

சிசிலித் தீவின் பலெர்மோ நகரிலிருந்து ஆண்ட கிறிஸ்தவ மன்னர் இரண்டாம் ரோஜர், உலகப் படம் ஒன்றை உருவாக்க விழைந்தார். அப்பணியில் அவருக்குத் துணைநின்றவர் அல்-இத்ரீஸீ என்னும் முஸ்லிம் பேரறிஞர். முன்னோர் நூல்கள் ஒன்றோடொன்று முரண்பட்டமையால், நாடு பல சுற்றிய பயணிகள் அரசவைக்கு வரவழைக்கப்பட்டனர். அவர்களைக் கூட்டாகவும் தனித்தனியாகவும் வினவி, கூற்றுகள் ஒத்திருந்தவற்றை ஏற்று, மாறுபட்டவற்றை விலக்கினர். இவ்வாய்வு ஏறத்தாழ 15 ஆண்டுகள் நடந்ததாக இத்ரீஸீ தம் நூலின் முகவுரையில் குறிக்கின்றார். அதன் பயனாக வெள்ளித் தகட்டில் ஓர் உலகப் படமும், 1154-ஆம் ஆண்டில் 'நுஸ்ஹத்துல் முஷ்தாக்' என்னும் அரபு நூலும் தோன்றின. தென்திசையை மேலே வைத்து வரைந்த 70 பகுதிப் படங்கள் அந்நூலில் உள்ளன. வெள்ளித் தகடு அழிந்துவிட்டது. நூலின் கையெழுத்துப் படிகள் பாரிஸ், ஆக்ஸ்போர்டு நூலகங்களில் இன்றும் இருக்கின்றன.

அந்தப் படத்திற்குச் சாட்சிகள் பலர் இருந்தும், எழுதுகோல் அரசவையின் கையிலேயே இருந்தது. அந்த எழுதுகோலைச் சாட்சிகளிடமே கொடுத்த நிகழ்ச்சி நம் காலத்தில் ஆப்பிரிக்காவில் நடந்தது.

2007 டிசம்பரில் கென்யாவில் தேர்தல் முடிவு குறித்து எழுந்த பூசல் பெருங்கலவரமாய் மூண்டது. ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். நேரடி ஒளிபரப்புக்கு அரசு தடை விதித்தது. எங்கே என்ன நடக்கின்றது என்பதே மக்களுக்குத் தெரியவில்லை. ஓரி ஓகொல்லோ என்னும் வழக்கறிஞர், கொடுமைகளை வரைபடத்தில் குறித்து வைக்கலாகாதா என இணையத்தில் வினவினார். கணினி வல்லுநர் சிலர் 2008 ஜனவரியில், சில நாட்களுக்குள்ளாகவே அதனை அமைத்தனர். மக்கள் கைபேசிக் குறுஞ்செய்தியாலும் மின்னஞ்சலாலும் அனுப்பிய தகவல்கள் ஊர்வாரியாகப் படத்தில் ஏறின. அதற்கு அவர்கள் இட்ட பெயர் 'உஷாஹிதி'. 'ஷாஹித்' என்னும் அரபுச் சொல் சுவாஹிலி மொழியில் 'ஷஹிதி' என வழங்கும், பொருள், சாட்சி. 'உஷாஹிதி' என்றால் சாட்சியம்.

2010 ஜனவரி 12-இல் ஹெய்ட்டி நாட்டைப் பெருநிலநடுக்கம் தாக்கியபோது, தலைநகர் போர்ட்-ஓ-பிரின்ஸின் தெருக்களைச் செவ்வையாகக் காட்டும் பொதுப்படம் இல்லை. ஸ்டீவ் கோஸ்ட் என்பார் 2004-இல் இங்கிலாந்தில் தொடங்கிய 'ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்' என்னும் பொதுப்படத் திட்டத்தின் தொண்டர்கள், பல நாடுகளில் தத்தம் இல்லங்களில் அமர்ந்து, செயற்கைக்கோள் படங்களைப் பார்த்துத் தெருத்தெருவாக வரைந்தனர். இடிபாடுகளுக்கிடையே இருந்தோர் 4636 என்னும் எண்ணுக்குக் குறுஞ்செய்தி அனுப்பினர். கிரயோல் மொழியிலிருந்த அவற்றை வெளிநாடுவாழ் ஹெய்ட்டியர் மொழிபெயர்த்துதவ, உதவி வேண்டிய இடங்கள் உஷாஹிதி படத்தில் குறிக்கப்பட்டன. 2015 டிசம்பர் வெள்ளத்தின்போது சென்னை மக்களும் நீர் சூழ்ந்த தெருக்களை இத்தகைய படமொன்றில் குறித்துக் காட்டினர்.

எனினும் இப்படங்களைப் படிப்போர்க்கு எச்சரிக்கை வேண்டும். புள்ளி விழாத தெருவில் துயரம் இல்லை என்று கொள்ளலாகாது. கைபேசி இல்லாத ஏழையும், மின்சாரம் அறுந்த குடிசையும், சொல்ல அஞ்சும் பெண்ணும் படத்தில் இடம்பெறுவதில்லை. உதவிப் பொருள்கள் புள்ளிகளை மட்டுமே தேடிச் சென்றால், குரலற்றோர் இருமுறை வஞ்சிக்கப்படுவர். மேலும், கலவர நாளில் அடைக்கலம் புகுந்தோரின் இல்லத்தைத் துல்லியமாகக் குறிப்பது, உதவ வருவோர்க்கு மட்டுமன்றித் தாக்க வருவோர்க்கும் வழிகாட்டிவிடும்.

ஆகவே படத்தில் ஒரு புள்ளியை இடுதல் விளையாட்டன்று. அது சாட்சி சொல்லுதல். நாமே கண்டோமா, எப்போது கண்டோம், வேறொருவரும் அதனை உறுதிசெய்தாரா, வெளியிட்டால் யாருக்கேனும் தீங்கு நேருமா என்று உசாவிய பின்னரே விரலை வைத்தல் தகும். பயணிகளைத் தனித்தனியே அழைத்து வினவ இத்ரீஸீக்குப் பதினைந்து ஆண்டுகள் இருந்தன. வெள்ளம் ஏறும் இரவில் நமக்குக் கிடைப்பது சில நிமிடங்கள். அச்சில நிமிடங்களிலும் வினவாமல் விடலாகாது என்பதே அப்பெரியார் நமக்கு விட்டுச்சென்ற பாடம்.