காரின் ஸ்பிரிங் முறிந்தால்: அந்தச் சத்தத்தை அலட்சியம் செய்யாதீர்கள்

மாரி முடிந்த கையோடு எங்கள் காரின் முன்பக்கத்தில் ஒரு சத்தம் கேட்கத் தொடங்கியது. ஸ்டியரிங்கை முழுதாகத் திருப்பும்போது மட்டும் 'டங்' என்று ஒரு அடி. கிளிநொச்சியிலிருந்து அம்மாவை யாழ்ப்பாணத்துக்கு மாதாந்தக் கிளினிக்குக்கு ஏற்றிச் செல்லும் கார் அது. ஓடுகிறதுதானே என்று இரண்டு கிழமை விட்டுவிட்டேன். கராஜில் ஜக் வைத்துப் பார்த்தபோது இடதுபக்க ஸ்பிரிங்கின் அடிச்சுற்று முறிந்திருந்தது. அதன் கூர்முனை டயரை உரசி, பக்கவாட்டில் ஒரு வெட்டே விழுந்திருந்தது. ஏ9 வீதியில் வேகமாகப் போகும்போது அந்த டயர் வெடித்திருந்தால் என்ன நடந்திருக்கும் என்று நினைக்கவே பயமாக இருந்தது.

காரின் பாரத்தைத் தாங்குவது ஸ்பிரிங். அதன் துள்ளலை அடக்குவது ஷொக் அப்சோபர். இரண்டும் வேறுவேறு. ஸ்பிரிங் பெரும்பாலும் முறிவது அடிச்சுற்றில்தான். சேறும் மணலும் தண்ணீரும் தேங்கும் இடம் அது. கல் பட்டு மேற்பூச்சு உரிந்தால் உருக்கில் கறள் பிடித்துச் சிறு குழிகள் விழும். ஒவ்வொரு குலுக்கத்திலும் அந்தக் குழியிலிருந்து வெடிப்பு வளரும். கடைசியில் ஒரு பள்ளம் போதும். கடலோரத்து உப்புக்காற்று இதை விரைவாக்கும். 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் திறந்தது. அதனால் நம்மிடையே ஓடும் கார்களில் பல வயது போனவை.

முறிந்தாலும் கார் ஓடும், ஆபத்தே அதுதான். பின்வருவனவற்றைக் கவனியுங்கள்:

- ஸ்டியரிங்கைத் திருப்பும்போதும் பள்ளத்தில் இறங்கும்போதும் உலோகச் சத்தம்.
- ஒரு மூலை மட்டும் பதிந்து நிற்பது. சமதரையில் நிறுத்தி, சில்லின் நடுவிலிருந்து மட்காட் விளிம்பு வரை இருபக்கமும் அளந்து பாருங்கள்.
- கார் ஒரு பக்கம் இழுப்பது, டயரின் உட்பக்கத்தில் உரசிய அடையாளம்.

முறிவு தெரிந்தால் அந்தக் காரை ஓட்டவேண்டாம். வெல்டிங் வைத்து ஒட்டுவது பெரும் பிழை. அந்தச் சூடு உருக்கின் பதத்தைக் கெடுத்துவிடும், பக்கத்திலேயே மீண்டும் முறியும். இறப்பர் துண்டு செருகுவதும் தீர்வல்ல. இடது, வலது இரண்டையும் சேர்த்தே மாற்றுங்கள். புதியதும் பழையதும் ஒரே உயரத்தில் நிற்காது. செசி இலக்கத்தைக் கொடுத்துப் பொருத்தமானதை வாங்குங்கள். பாவித்த ஸ்பிரிங் என்றால் கறளையும் வெடிப்பையும் வெளிச்சத்தில் பார்த்த பிறகே காசு கொடுங்கள். மாற்றியபின் வீல் அலைன்மென்ட் பார்க்கவேண்டும்.

ஒன்றை மட்டும் வீட்டில் முயலாதீர்கள். அமுக்கி வைத்த ஸ்பிரிங் நூற்றுக்கணக்கான கிலோ விசையைப் பிடித்து வைத்திருக்கும். கை தவறி விடுபட்டால் உயிரையே எடுக்கும். அதற்குரிய அமுக்கி உள்ள கராஜிலேயே கழற்றுவியுங்கள்.

நான் காத்திருந்த இரண்டு கிழமையில் மிச்சப்பட்டது எதுவுமில்லை. ஸ்பிரிங்கோடு டயரும் வாங்க வேண்டியதாயிற்று.