பூவுக்குக் கல்யாணம்

பதினோராவது மாடிக்குத் தேனீ வருவதில்லை. கொசு மட்டும் எப்படியோ வந்துவிடுகிறது. கொசுவுக்காக வலை அடித்தோம், வண்டுக்கும் வழி அடைபட்டது. பால்கனித் தொட்டியில் நிற்கும் சீத்தா மூன்று வருடம் பூத்துப் பூத்து உதிர்ந்தது, ஒரு காய்கூடப் பிடிக்கவில்லை.

சீத்தாப்பூவில் ஒரு சிக்கல் இருக்கிறது. ஒரு பூ முதலில் பெண்ணாக இருக்கும், பிறகுதான் ஆணாகும். தோட்டமென்றால் சின்ன வண்டுகள் ஒன்றின் மகரந்தத்தை இன்னொன்றுக்குச் சுமந்துபோகும். இங்கே அந்த வேலை என்னுடையது. நன்றாக விரிந்த பூவைத் தட்டி ஒரு கிண்ணத்தில் மகரந்தம் சேர்த்து, இதழ் லேசாக வாய் திறந்திருக்கும் இன்னொரு பூவுக்குள் வாட்டர்கலர் பிரஷால் தடவ வேண்டும்.

பட்டினச்சேரியிலிருந்து வந்திருந்த அம்மா இதைப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "முப்பத்தி நாலு வயசாச்சு, இவனுக்குப் பொண்ணு தேடி நான் அலையுறேன். இவன் பூவுக்குக் கல்யாணம் பண்ணி வச்சிக்கிட்டு நிக்கிறான்."

ரியூனியன் தீவில் இந்த வேலையைச் செய்யும் பெண்களுக்குப் பெயரே அதுதான். பிரெஞ்சில் 'மாரியூஸ்', கல்யாணம் செய்துவைப்பவள். அங்கே பூ மட்டும் வேறு: வனிலா.

வனிலா மெக்சிக்கோவின் கொடி. ஆர்க்கிட் வகை. பூவுக்குள் ஆண் பாகத்துக்கும் பெண் பாகத்துக்கும் நடுவே ஒரு மெல்லிய சவ்வு திரைபோலத் தொங்கும். அதைத் தாண்டத் தெரிந்த தேனீக்கள் அந்த ஊர்க் காடுகளோடு சரி. அதனால் ஐரோப்பியர்கள் கொடியைத் தொட்டியில் வைத்துக் கண்ணாடி வீடுகளில் வளர்த்தார்கள், பூப்பதைப் பார்த்தார்கள், காய்தான் வரவில்லை. 1836-ல் பெல்ஜியத்தின் லியேஜ் நகரில் ஷார்ல் மோரன் என்ற தாவரவியலாளர் கையாலேயே மகரந்தம் சேர்த்துக் காய்க்க வைத்தார். ஆனால் தோட்டக்காரர்கள் பிழைப்பாகச் செய்யும் அளவுக்கு அது எளிய முறையாகப் பரவவில்லை.

ரியூனியனுக்கு (அன்று பூர்போன்) 1822-ல் பாரிஸிலிருந்து கொடிகள் வந்தன. ஏறக்குறைய இருபது வருடம் மலடாகவே கிடந்தன. 1841-ல் சேன்ட்-சூசான் ஊரில், ஃபெர்ரியோல் பெல்லியே-போமோன் என்ற பண்ணையார் காலையில் தோட்டத்தைச் சுற்றும்போது தன் ஒற்றைக் கொடியில் ஒரு காயைப் பார்க்கிறார். கூட வந்த பையன், "நான்தான் பண்ணினேன்" என்கிறான். பன்னிரண்டு வயது. பெயர் எட்மோன். அடிமைப் பையன், அதனால் குடும்பப் பெயர் கிடையாது. பிறக்கும்போதே தாயை இழந்தவன். பண்ணையார் நம்பவில்லை. இரண்டு மூன்று நாள் கழித்து இன்னொரு காய். அப்புறம்தான் "செய்து காட்டு" என்கிறார்.

பையன் செய்தது இவ்வளவுதான்: ஒரு மெல்லிய குச்சியால் அந்தத் திரையைத் தூக்கி, கட்டைவிரலால் மகரந்தத்தைச் சூலகமுடியில் அழுத்தினான். ஒரு பூவுக்குச் சில வினாடிகள். பண்ணையார் அவனுக்கு முன்பே பூசணி வகைக் கொடி ஒன்றில் ஆண்பூவைப் பெண்பூவோடு சேர்க்கக் கற்றுக்கொடுத்திருந்தார். அந்தப் பாடத்தை எடுத்து, அடையாளமே தெரியாத ஒரு பூவுக்குள் வழி கண்டுபிடித்தது அவனுடைய மூளை. இன்றும் உலகம் முழுக்க வனிலாவுக்கு ஏறக்குறைய அதே கையசைவுதான். பூ விடியலில் விரிந்து அன்றே வாடிவிடும் என்பதால் பழகிய கை ஒரு காலைக்குள் ஆயிரத்துக்கும் மேல் பூக்களைத் தொடுகிறது. காய் முற்ற ஒன்பது மாதம்.

வண்டியில் ஏற்றிப் பண்ணை பண்ணையாகக் கூட்டிப்போய் எட்மோனைச் செய்து காட்டச் சொன்னார்கள். 1848-ல் தீவின் வனிலா ஏற்றுமதி 50 கிலோ. 1898-ல் 200 டன். அவனுக்குக் கிடைத்தது? அதே 1848-ல் விடுதலையும் 'அல்பியுஸ்' என்ற குடும்பப் பெயரும். லத்தீனில் அல்பஸ் என்றால் வெள்ளை. கறுப்பு இளைஞனுக்கு யாரோ ஒரு குமாஸ்தா வைத்த பெயர், கிண்டலா, அனுதாபமா? எனக்குக் கிண்டலாகத்தான் படுகிறது. தலைநகரில் சமையலறை எடுபிடியானான், நகைத் திருட்டு வழக்கில் ஐந்து வருடக் கடுங்காவல் தண்டனை பெற்றான். வனிலாவைக் காரணம் காட்டி ஊர் நீதிபதி ஒருவர் மனுப் போட, முன்னதாகவே வெளியே வந்தான். 1880-ல் சேன்ட்-சூசானில் ஏழையாக இறந்தான்.

இதற்கிடையே ரிஷார் என்ற தாவரவியலாளர், அந்த முறையை முதலில் தீவில் செய்து காட்டியது தான்தான், பையன் ஒளிந்திருந்து பார்த்திருப்பான் என்று கிளப்பினார். (மீட்டிங்கில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் அடுத்த வாரம் 'என் டிசைன்' என்று ஸ்லைடு காட்டிய அனுபவம் எனக்கு உண்டு. கிட் லாக் இருந்ததால் தப்பித்தேன்.) எட்மோனின் கிட் லாக் பெல்லியே-போமோன் எழுதிய கடிதங்கள்தான். கண்டுபிடித்தது பையனே என்று அவர் விடாமல் எழுதினார். நல்ல மனுஷன் என்று சொல்ல வாய் வருகிறது. ஆனால் அந்தக் காயைப் பார்த்த பிறகும் பல வருடம் பையன் அவருடைய உடைமையாகத்தான் இருந்தான்.

இந்தக் கதை எனக்கு ஏன் இவ்வளவு உறைக்கிறது என்றால், அடுத்த காட்சியில் எங்கள் கடற்கரை வருகிறது. காரைக்கால் 1739-லிருந்து பிரெஞ்சுக்காரர்களிடம். ரியூனியனிலும் அவர்களுடைய கொடிதான். 1848-ல் அங்கே 60,000-க்கும் மேற்பட்ட அடிமைகள் விடுதலையானதும் கரும்புக் காட்டுக்கு ஆள் தேவைப்பட்டது. பாண்டிச்சேரி, காரைக்கால் துறைகளிலிருந்து ஒப்பந்தக் கூலிகளைக் கப்பலேற்றினார்கள். 1860-ல் பிரிட்டிஷ் அரசுடன் ஒப்பந்தம் போட்டு பிரிட்டிஷ் இந்தியாவிலிருந்தும் ஆள் எடுத்தார்கள். கூலிகளை நடத்திய விதம் பற்றிப் புகார் முற்றி 1882-ல் பிரிட்டிஷார் நிறுத்தும் வரை அது நடந்தது. போனவர்களில் மிகப் பலர் தமிழர்கள். அங்கே அவர்களுக்குப் பெயர் 'மல்பார்', மலபாருக்கும் அவர்களுக்கும் சம்பந்தமில்லாவிட்டாலும். அவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று அடர்ந்து வாழும் சேன்ட்-ஆந்த்ரேயும் எட்மோனின் சேன்ட்-சூசானும் பக்கத்துப் பக்கத்து ஊர்கள். தீவின் வனிலாப் பட்டையும் அதே கிழக்குக் கரைதான்.

எட்மோனுக்காவது வாதாட ஒரு கடிதக்காரர் இருந்தார், இப்போது ஊரில் சிலையும் இருக்கிறது. அந்த 200 டன்னின் ஒவ்வொரு காய்க்கும் பின்னால் ஒரு விரல் இருந்திருக்கிறதே, அவற்றில் மாரியூஸ்களின் விரல்கள் எத்தனை! ஏற்றுமதிக் கணக்கில் எடையும் வருடமும் மட்டும் நிற்கின்றன.

இதையெல்லாம் அம்மாவிடம் சொன்னேன். கப்பல் கதையை மட்டும் கவனமாகக் கேட்டாள். "அந்தக் காலத்துல அங்க போனவங்க யாரும் திரும்பலையா?" என்றாள். சிலர் திரும்பினார்கள், பலர் அங்கேயே தங்கிவிட்டார்கள் என்றேன். பேசாமல் இருந்தாள். ஊருக்குப் போன பிறகு ஒருநாள் போனில், மீன் விலையெல்லாம் சொல்லி முடித்துவிட்டுக் கேட்டாள்:

"காய் பிடிச்சுதா தம்பி?"

"ஒண்ணு பிடிச்சிருக்கும்மா. குண்டுமணி அளவுதான்."